கம்பளம் இல்லாத வண்டி

மாட்டு டாக்டர் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்தபோது அவளுக்குத் தாகம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் குடிக்கவில்லை. பளபளவென்று நின்றிருந்த புது வண்டியின் பின்கதவை அகலத் திறந்து, உள்ளே குனிந்து, இருக்கைக்கு முன்னால் கால் வைக்கிற இடத்தில் பாட்டிலை அப்படியே கவிழ்த்தாள். குடுகுடுவென்று முழுவதும் இறங்கியது. பிறகு ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, மடங்காத இடதுகாலை ஒரு பக்கமாக நீட்டி, ஷோரூமின் கண்ணாடி போன்ற தரையில் உட்கார்ந்து வண்டிக்கு அடியில் தலையை நுழைத்தாள். சொட்டு எங்கே விழுகிறது என்று பார்க்கத்தான். ஒரு சொட்டுகூட விழவில்லை.

"மேடம்! என்ன மேடம் பண்றீங்க?" கழுத்தில் டை கட்டியிருந்த விற்பனையாளர் ஓடிவந்தார்.

"தண்ணி எங்க போகுதுன்னு பாக்கறேன். தரையைக் கழுவி விடலாம், அடியில ஓட்டை இருக்கு, தண்ணி தானா வடிஞ்சிடும்னு உங்க புத்தகத்துலதான போட்டிருந்தீங்க?"

"அது பேஸ் மாடல்ல மேடம். அதுல வெறும் ரப்பர் தரை. இது டாப் மாடல். கார்ப்பெட்." கடைசிச் சொல்லை அவர் துக்க வீட்டில் பேசுகிற குரலில் சொன்னார். வெளிர் நிறக் கம்பளத்தில் ஈரம் ஆள் படுத்த தடம் மாதிரி பரவிக்கொண்டிருந்தது.

அவளுடைய கணவர் பல் டாக்டர். இப்படியான நேரங்களில் சுவரில் மாட்டியிருக்கிற எதையாவது ஊன்றிப் படிக்கிறவர். இப்போதும் டயர் விளம்பரம் ஒன்றை வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"சரி, பேஸ் மாடலைக் காட்டுங்க."

"அது ஷோரூம்ல வைக்கறதில்ல மேடம். யாரும் கேக்க மாட்டாங்க. காட்டுல வேலை செய்யறவங்க, குவாரி வச்சிருக்கறவங்க, அந்த மாதிரி ஆளுங்க எடுப்பாங்க. உங்கள மாதிரி ஃபேமிலிக்கு…" என்று அவளைப் பார்த்து ஆரம்பித்தவர், மீதியைப் பல் டாக்டரைப் பார்த்துச் சொன்னார், "இதுதான் சார் கரெக்ட்டா இருக்கும். சன்ரூஃப், லெதர் சீட், கியரே போட வேண்டாம், ஆட்டோமேட்டிக். மேடம் சும்மா ராணி மாதிரி உக்காந்துட்டு வரலாம்."

"ராணி மாட்டுக்கு ஊசி போடுவாளா?" என்று தரையில் உட்கார்ந்தபடியே கேட்டாள் அவள். எழுந்துகொள்ள யாராவது கை கொடுக்க வேண்டியிருந்தது. அதைக் கேட்க வாய் வரவில்லை. கதவைப் பிடித்து அவளே எழுந்தாள்.

ஒரே வீட்டில் இரண்டு டாக்டர்கள். ஒருவர் வெள்ளை அறையில், வெள்ளை உடுப்பில், வாயைத் திறந்து வைத்துக்கொண்டு எதிர்த்துப் பேச முடியாத நோயாளிகளைப் பார்க்கிறவர். இன்னொருத்தி சேற்றிலும் சாணத்திலும் நின்று, வாய் பேசாவிட்டாலும் காலால் பேசத் தெரிந்த நோயாளிகளைப் பார்க்கிறவள். இருபத்தைந்து வருஷமாக அவள் தன் பழைய ஜீப்பில் மேடும் பள்ளமுமாக அலைந்தவள். அந்த ஜீப்பில் அவள் ஏற்றாத ஜீவன் இல்லை. கழிச்சல் கண்ட கன்றை மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். ஈன முடியாத ஆட்டைப் பின்சீட்டில் கிடத்தி, போகிற வழியிலேயே வண்டியை நிறுத்திப் பிரசவம் பார்த்திருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் குழாயைத் திருப்பி ஜீப்பைக் கழுவி விடுவாள். ஜீப்புக்கும் அவளுக்கும் சேர்த்து ஒரே குளியல்.

போன மழைக்காலத்தில் ஒரு தொழுவத்தில் முதல் ஈற்றுப் பசு ஒன்று மிரண்டு உதைத்தது. உதை இடது முட்டியில் விழுந்தது. எலும்பைத் தகடு வைத்து முடுக்கினார்கள். அவள் படுக்கையில் இருந்த மாதங்களில் ஓட்ட ஆளில்லாத ஜீப்பும் துருப்பிடித்து உட்கார்ந்துவிட்டது. பார்க்க வந்த மேலதிகாரி, நகரத்துப் பரிசோதனைக் கூடத்தில் நாற்காலி ஒன்று காலியாக இருக்கிறது, பால் மாதிரியும் ரத்த மாதிரியும் குப்பியில் தேடி வரும், நீங்கள் எங்கேயும் போக வேண்டாம் என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். அவள் இன்னும் பதில் சொல்லவில்லை. வீட்டில்தான் அவளுக்குப் பதிலாக எல்லோரும் சரி சொல்லிவிட்டிருந்தார்கள். புது வண்டி வாங்கலாம் என்று பல் டாக்டர் சொன்னதும் அந்தச் சரியின் மிச்சம்தான். கூடத்துக்குப் போய்வர ஒரு நல்ல வண்டி. நாலு இடத்துக்குக் கௌரவமாகப் போக ஒரு வண்டி. வெளிர்நிறக் கம்பளம் போட்ட வண்டி.

அந்தக் கம்பளத்தின் மேல் எந்தக் கன்றும் படுக்காது. அது அவளுக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்தது. இருவரும் வண்டியைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் நாத்தனார் வந்தாள். பல் டாக்டருக்கு அக்கா. தம்பி வீட்டில் ஒரு ஸ்பூன் வாங்கினாலும் ஒரு வார்த்தை தன் காதில் போட வேண்டும் என்று நினைக்கிறவள். தண்ணீர் ஊற்றிய கதை ஏற்கெனவே அவள் காதுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

"ஏண்டா, கார் வாங்கப் போனீங்களா, தொழுவம் வாங்கப் போனீங்களா?" என்று செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள்.

"ரெண்டும் ஒண்ணா கிடைக்குதான்னு பாத்தேன் அண்ணி," என்றாள் மாட்டு டாக்டர், காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே.

"பேச்சுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. பேஸ் மாடலாம்ல? கண்ணாடியைக் கையால சுத்தி இறக்கணுமாம். பல் டாக்டர் பொண்டாட்டி கையால சுத்துறான்னு பாக்கறவங்க சிரிக்க மாட்டாங்க?"

"சிரிச்சா நல்லதுதான். பல்லு தெரியும். உங்க தம்பிக்கு வேலை வரும்."

பல் டாக்டர் சிரித்துவிட்டார். அக்கா ஒரு பார்வை பார்த்ததும் அந்தச் சிரிப்பை விழுங்கினார்.

"இங்க பாரு, நான் வெளிப்படையா சொல்றேன், கோவிச்சுக்காத." நாத்தனார் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒரு துணியை எடுத்து மடித்தாள். குரல் இறங்கியிருந்தது. அது அவளுடைய அன்புக் குரல். மற்றதைவிட அபாயமானது. "உனக்கு வயசும் அம்பது ஆச்சு. காலும் இப்படி ஆயிடுச்சு. நடக்கறதே பெரிய விஷயம்னு டாக்டரே சொல்லிட்டாங்க. இனிமே மேடு, மலைன்னு ஆசைப்பட்டா எப்படி? முடவன் கொம்புத் தேனுக்கு ஆசைப்பட்ட கதையால்ல இருக்கு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. துணியை மடிக்கிற கை நின்றது. பல் டாக்டர் "அக்கா" என்றார்.

மாட்டு டாக்டர் கையில் இருந்த சட்டையை நீவி, ஓரம் சேர்த்து, மடித்து வைத்தாள். "முடவன் ஆசைப்பட்டதுல என்ன அண்ணி தப்பு? ஒரு ஏணி கொண்டுவந்து போடாம நின்னு பழமொழி சொல்லிட்டிருந்தாங்களே, அவங்களத்தான் நான் கேப்பேன்."

நாத்தனார் பாதி மடித்த துணியைக் கீழே வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினாள்.

பேஸ் மாடல் ஒன்று வேறொரு ஊர்க் கிளையில் இருந்தது. அதை ஓட்டிப் பார்த்தே தீருவேன் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். ஒற்றைக்கால்தான் சரியாக இருக்கிறது, வேறு எப்படி நிற்பது என்று அவளே சொல்லிச் சிரித்தாள். பல் டாக்டர் சிரிக்கவில்லை. டைக்காரர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வண்டியை வரவழைத்தார். வெள்ளை வண்டி. பூச்சு இல்லாத கறுப்பு பம்பர், அலங்காரம் இல்லாத இரும்புச் சக்கரம், உள்ளே கழுவுவதற்கென்றே செய்த ரப்பர் தரை. அவளுக்குப் பார்த்ததுமே பிடித்துப்போயிற்று. ஒரு பொருளைப் பார்த்து அவள் முகம் மலர்ந்து நெடுநாள் ஆகியிருந்தது. முன்னால் டைக்காரர், பின்னால் கணவர். ஓட்டுகிற இடத்தில் அவள்.

சமதளத்தில் வண்டி சொன்ன பேச்சைக் கேட்டது. கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் முட்டிக்குள் ஒரு ஆணி திரும்பியது. திரும்பட்டும் என்று விட்டாள். பெரிய சாலை முடியும் இடத்தில், யாரையும் கேட்காமல், பால்பண்ணைக்குப் போகிற மண்சாலையில் திருப்பினாள்.

"மேடம், டெஸ்ட் டிரைவ் ரூட்டு இது இல்லையே."

"எனக்கு ரூட்டு இதான்."

பண்ணை மேட்டின் உச்சியில் இருந்தது. பாதி ஏற்றத்தில், எதிரே பால் கேன்கள் ஏற்றிய வேன் ஒன்று இறங்கி வந்தது. ஒதுங்கி நிறுத்தினாள். வேன் போயிற்று. திரும்ப எடுக்க வேண்டும். சரளைக்கல் ஏற்றத்தில் வண்டியை எடுப்பது எப்படி என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கிளட்சைப் பாதியில் பிடித்து நிறுத்தி, வண்டி முன்னுக்கு இழுக்கிற அந்த நொடியில் பிரேக்கை விட வேண்டும். அந்தப் பாதியில்தான் கால் நிற்கவில்லை. பிறந்து எழுந்த கன்றின் கால் மாதிரி வெடவெடவென்று ஆடியது. இன்ஜின் குலுங்கி அணைந்தது. மறுபடி எடுத்தாள். மறுபடி அணைந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு இன்னொரு முறை முயன்றபோது, பிரேக்கை விட்ட அதே நொடியில், கால் வலியில் விறைத்துக் கிளட்சை அடிவரை அழுத்திவிட்டது. வண்டி பின்னால் உருள ஆரம்பித்தது. கல் நொறுங்கும் சத்தம் கேட்டது. டைக்காரர் எதையோ கத்தினார். பின்சீட்டிலிருந்து ஒரு கை இருக்கைகளுக்கு நடுவே பாய்ந்து வந்து ஹேண்ட் பிரேக்கை இழுத்தது.

வண்டி நின்றது. பின்சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் இடையில் ஒரு ஆள் படுக்கிற அகலம்தான் இருந்தது.

பல் டாக்டர் இறங்கி, வெள்ளைச் சட்டையோடு ஒரு பெரிய கல்லை உருட்டிவந்து சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தார். அவள் இறங்கி சாலையோர மண்கரையில் உட்கார்ந்தாள். அவர் பக்கத்தில் வந்து நின்றார். நான்தான் அப்பவே சொன்னேனே என்பார் என்று காத்திருந்தாள். அதற்கான பதில்கூட நாக்கில் தயாராக இருந்தது. அவர் அதைச் சொல்லவில்லை.

"அன்னிக்கு உன்னை இதே மாதிரி ஒரு பால் வேன்லதான் கொண்டுவந்து இறக்கினாங்க," என்றார். "கேனுக்கு நடுவுல படுக்க வச்சிருந்தாங்க. நீ மயக்கத்துல இருந்த. உனக்குத் தெரியாது. நான்தான் பாத்தேன்."

இத்தனை மாதத்தில் அவர் அதைச் சொன்னது அதுவே முதல் தடவை.

பயந்த மனுஷனிடம் சண்டை போடுவது சுலபமில்லை. ஆனால் அவருடைய பயத்தை வாங்கித் தன் மடியில் கட்டிக்கொண்டு நாற்காலியில் போய் உட்காரவும் அவளால் முடியாது. அவள் தன் காலைப் பார்த்தாள். அதன் மேல் கோபம் கோபமாக வந்தது. உடனே, இது என்ன நியாயம் என்றும் தோன்றியது. கழுத்து சுளுக்கிய மாட்டுக்குத் தீனித்தொட்டி எட்டவில்லையென்றால் அவள் மாட்டையா திட்டுவாள்? தொட்டியைத் தாழ்த்தி வைக்கச் சொல்வாள். ஊரெல்லாம் போய்ச் சொன்னதைத் தனக்குச் சொல்லிக்கொள்ள இத்தனை நாளாயிற்று. பேஸ் மாடல் அவள் வீம்புக்குப் பொருத்தம். முட்டிக்குப் பொருத்தமில்லை. வீம்பாக இதை வாங்கினால் அடுத்த மழைக்குள் இந்த ஏற்றமே அவளைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பிவைக்கும். யாரும் சொல்ல வேண்டியிருக்காது.

கரையில் தாழ உட்கார்ந்திருந்ததால் வண்டியின் அடிவயிறு கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. தகட்டில் வரிசையாக வட்ட வட்ட ரப்பர் அடைப்புகள். பிடுங்கினால் தண்ணீர் வடிகிற துளைகள். அவள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். இதை எங்கோ பார்த்திருக்கிறோமே. அன்றைக்கு ஷோரூமில் தரையில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தாளே, அந்த டாப் மாடலின் அடியிலும் இதே வட்டங்கள் இருந்தன. சொட்டு எங்கே என்று தேடிய கண்ணுக்கு அன்று அது பெரிதாகப் படவில்லை. துளை இல்லாமல் இல்லை. தண்ணீரைக் கம்பளம் குடித்துவிட்டது.

ரெண்டும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்தான். ஒன்றுக்குச் சட்டை மாட்டியிருக்கிறார்கள்.

அவள் புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். "டாப் மாடலே எடுத்துக்கலாம்," என்றாள்.

டைக்காரர் முகத்தில் அப்போதுதான் ரத்தம் திரும்பியது. பல் டாக்டர் அவளையே பார்த்தார். ஜெயித்த முகம் இல்லை அது. எதையோ உடைத்துவிட்டோமோ என்று பார்க்கிற முகம். "நிஜமாவா?" என்றார்.

"ஆட்டோமேட்டிக் வேணும். நிஜமாத்தான்."

செய்தி கேட்டு நாத்தனார் போனிலேயே பூரித்தாள். "இப்பத்தான் நீ நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி பேசறே," என்றாள். மாட்டு டாக்டர் "சரிங்க அண்ணி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். அவள் இவ்வளவு அடக்கமாகச் சரி சொன்னால் ஏதோ இருக்கிறது என்று அந்த வீட்டில் யாருக்காவது தோன்றியிருக்க வேண்டும். சந்தோஷத்தில் தோன்றவில்லை.

வண்டி கொடுக்கிற நாளன்று காலையிலேயே பால்பண்ணைக்காரர் போன் செய்தார். "டாக்டரம்மா, மாடு விடியறதுக்கு முன்னாடியிருந்து முக்குது, கன்னு வெளிய வரல. உங்களுக்குப் பதிலா வந்த புது டாக்டருக்கு போன் அடிச்சா எடுக்க மாட்டேங்கறாரு. உங்களால வர முடியாதுன்னு தெரியும். என்ன பண்ணலாம்னு மட்டும் சொல்லுங்க."

"தண்ணி சூடு பண்ணி வைங்க," என்றாள். "வரேன்." பல் டாக்டரின் சின்னக் கார் அந்த மேட்டில் ஏறாது; புது வண்டி கைக்கு வந்தால்தான் போக முடியும்.

ஷோரூமில் பளபளக்கும் துணியை விலக்கினார்கள். கை தட்டினார்கள். வாசல் அளவு பெரிய அட்டைச் சாவியை அவள் கையில் கொடுத்துப் படம் பிடித்தார்கள். நாத்தனார் நல்ல புடவையில் வந்திருந்தாள். நல்ல ஹோட்டலில் எல்லோரும் சாப்பிடப் போவதாக ஏற்பாடு. படம் எடுத்து முடிந்ததும் மாட்டு டாக்டர் அட்டைச் சாவியை டைக்காரரிடமே திருப்பிக் கொடுத்தாள். கணவருடைய காரிலிருந்து தன் மருத்துவப் பையை எடுத்துவந்தாள். குளம்பு சீவுகிற வளைந்த கத்தியை அதிலிருந்து உருவினாள். பின்கதவைத் திறந்து, கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கி, சரக்கென்று ஒரு இழுப்பு இழுத்தாள்.

"மேடம்! வாரண்டி போயிடும் மேடம்!"

"கார்ப்பெட்டுக்குத்தான தம்பி போகும்? கார்ப்பெட்டே போகப் போகுது."

"ஐயோ, புது வண்டிடா! தடுடா!" என்று நாத்தனார் தம்பியின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

பல் டாக்டர் ஓரடி முன்னால் வந்தார். கத்தி நிற்கவில்லை. வெளிர்நிறக் கம்பளம் உரிக்கிற தோல் மாதிரி முழு நீளத்துக்கும் கழன்று வந்தது. அடியில் இருந்த பஞ்சுத் துண்டுகளையும் பிய்த்துப் போட்டாள். வெறும் தகடு தெரிந்தது. தகட்டில் வட்ட வட்ட ரப்பர் அடைப்புகள். அவள் ஒன்றை நெம்பி எடுத்தாள். துளை வழியாக ஷோரூமின் பளிங்குத் தரை ஒரு காசளவு தெரிந்தது.

"ஆட்டோமேட்டிக் எனக்கு," என்றாள், மூச்சு வாங்க. "கம்பளம் யாருக்கு?"

டைக்காரர் பின்கதவுக்குள் எட்டிப் பார்த்தார்.

"அந்த லெதர் சீட்டாவது இருக்கட்டுமா மேடம்?" என்று கிணற்றுக்குள் இருந்து பேசுவதுபோலக் கேட்டார்.

"அது இருக்கட்டும். தோல்தானே. எனக்குப் பழகின ஆளு."

அந்த வண்டியில் காலை வைக்க மாட்டேன் என்றாள் நாத்தனார். அவளுக்கு வேறு வண்டி பிடித்துக் கொடுத்தார்கள். பல் டாக்டர் கிழித்துப் போட்ட கம்பளத்தைச் சுருட்டிப் பின்னால் போட்டுவிட்டு, முன்சீட்டில் ஏறி பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.

பெரிய சாலை முடிகிற இடத்தில் அவர் அவள் பக்கம் திரும்பினார். "லேபுக்கு என்ன பதில் சொல்லப் போறே?" என்றார்.

"அவங்க அனுப்பற குப்பியை நிரப்பித் தர ஒரு ஆள் வேணுமில்ல? அந்த ஆள் நான்னு சொல்லுவேன்."

"மறுபடி உதைச்சா?"

உதைக்காது என்று சொல்லலாம். அது பொய். "உதைச்சா இந்த வண்டியிலயே கொண்டுவந்து இறக்குங்க," என்றாள். "பால் வேனைத் தேட வேண்டாம்."

அவர் வெளியே பார்த்துக்கொண்டார். அவர் முகத்தில் இருந்தது சிரிப்பா, வேறு ஏதாவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஏற்றம் வந்தது. வண்டி தானாகக் கியரை இறக்கிக்கொண்டு மேலேறியது. அவளுடைய இடதுகால் செய்ய ஒரு வேலையும் இல்லாமல் வெறும் தகட்டின் மேல் சும்மா கிடந்தது.

உச்சியில் கேட்டுக்கு வெளியே வண்டி நின்றது. கேட்டிலிருந்து தொழுவம் வரைக்கும் சேறு. அங்கே எந்த மாடலும் போகாது. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்குவதற்குள் பல் டாக்டர் இறங்கிப் பின்கதவைத் திறந்தார். சுருட்டி வைத்திருந்த கம்பளத்தை எடுத்து, அவள் வழுக்கிவிடாமல் இருக்க, சேற்றின் மேல் நீளமாக உதறி விரித்தார். வெள்ளைக் காலணி கணுக்கால் வரை புதைந்தது. அவள் அந்தக் கம்பளத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பிறகு அவர் தோளில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, கம்பளத்துக்குப் பக்கத்தில், சேற்றில் இறங்கி நடந்தாள். பண்ணை நாய் ஒன்று வந்து கம்பளத்தை முகர்ந்து பார்த்துவிட்டு அதன் நடுவில் படுத்துக்கொண்டது.

தொழுவத்தில் பண்ணைக்காரர் எழுந்து நின்றார். "டாக்டரம்மா…" என்று வெந்நீர் வாளியை அவள் பக்கம் நகர்த்தினார். பசு தலையைத் தாழ்த்தி மூச்சிரைத்துக்கொண்டு நின்றது. முதல் ஈற்று. கண்ணில் வெள்ளை தெரிந்தது. அவள் கையுறையைத் தோள் வரை இழுத்து மாட்டி, சோப்பைத் தடவிக்கொண்டாள். பல் டாக்டர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"தள்ளி நில்லு," என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

பசு பின்காலைத் தூக்கி மாற்றி வைத்தது. மாட்டை விட்டுத் தள்ளி நிற்கிறவனுக்குத்தான் உதை முழு வேகத்தோடு விழும். அவள் இடதுகாலைச் சேற்றில் அழுத்தி ஊன்றினாள். முட்டிக்குள் ஆணி திரும்பியது. ஒரு கையைப் பசுவின் இடுப்பில் வைத்தாள். பசு மறுபடியும் காலைத் தூக்கியது. அவள் இன்னும் நெருங்கி, தொடையோடு தொடை உரச, ஒட்டி நின்றாள்.